கறுப்பு மருதாணி

சூஸ் நகரத்தில் பெண்களுக்கான முடியலங்காரக் கடை வைத்திருந்த ஸகியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தங்கை கல்யாணத்துக்காக முடியைப் பொன்னிறமாக்க வந்த வஹீதாவுக்கு, ப்ளீச் தடவிய கொஞ்ச நேரத்தில் தலை கொதித்துப் புகைந்தது. கழுவிப் பார்த்தால், முடியெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை!

"முன்னாடி டை அடிச்சிருக்கியான்னு எத்தனை தடவை கேட்டேன்? அல்லாஹ் மேல சத்தியமா இல்லைன்னியேடி!"

"டையை நான் தொட்டதே இல்லக்கா! பெருநாளுக்குப் பெருநாள் தலைக்கு மருதாணிதான். சந்தையில பொட்டலத்துல விப்பாங்களே, கறுப்பு மருதாணி."

"அதை ஏன்டி சொல்லல?"

"மருதாணி பரக்கத்துக்கா, இறைவனோட அருள்! அதைப் போய் யாராவது டைன்னு சொல்லுவாங்களா?"

"பரக்கத்தாம் பரக்கத்து! மருதாணி சிவப்பாத்தான்டி பிடிக்கும். கறுப்பா பிடிச்சா, என்னத்தையோ கலந்திருக்கான்னு அர்த்தம். அது மேல ப்ளீச் பட்டா தலை வேகாம, பூவா பூக்கும்?"

வஹீதா ஓவென்று அழுதாள். ஸகியா கையில் இருந்த சீப்பை ஓங்கியபடி காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இங்க வேற எவடி அந்தக் கருமத்தை வச்சிருக்கா? இப்பவே சொல்லித் தொலைங்க!"

முதல் ஆளாக முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டவள், அடுத்ததாக நாற்காலியில் உட்கார வேண்டிய மணப்பெண், வஹீதாவின் தங்கை.