நாலரைக்குச் சாத்தும் பூங்கா

மல்லசமுத்திரம் சின்னண்ணனுக்கு மூன்று லாரிகள். இந்தியாவில் எந்த ஊருக்குள் எத்தனை மணிக்கு மேல் லாரி நுழையக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் மனைவி வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு போன இடமெல்லாம் பூட்டியே இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போனார்கள். அது முந்தின நாளே முடிந்து, ஆட்கள் பூந்தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் சும்மா இருக்கவில்லை. கனமான தொட்டியை முன்பக்கம் வை, கயிற்றை இப்படிக் கட்டு என்று ஒரு மணி நேரம் யோசனை சொல்லிவிட்டு வந்தார். வசந்தாமணி அதுவரை டீக்கடை பெஞ்சில் இருந்தாள். இன்னொரு முறை ஓர் அணைப் பூங்கா. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதால் வாசலில் கயிறு. கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் ஒரு மிருகக்காட்சி சாலை; அன்றைக்கு வார விடுமுறை. மதிலுக்கு அந்தப் பக்கம் புலி உறுமியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு சித்ரா அந்தமான் போய் வந்தாள். கடலோரப் பூங்கா ஒன்றில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். ஒரு நாளில் தானாக மறைந்துவிடும். சித்ரா விடவில்லை, நாலு நாள் திரும்பத் திரும்ப வைத்தாள்.

ஐந்தாவது நாள் வசந்தாமணி பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நித்யஸ்ரீக்குப் போன் செய்தாள். மகள் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். புறப்படுவதற்கு முந்தின வாரம், தோசைக்கல்லைப் பார்த்தபடியே வசந்தாமணி கணவனிடம் சொன்னாள்:

“ஏனுங்க, அந்தப் பூங்காவும் பூட்டிக் கெடந்துச்சுன்னா இனி உங்ககூட நான் எங்கயும் வரமாட்டனுங்க. கோயிலுக்குக்கூட நீங்க ஒரு பஸ்சு, நான் ஒரு பஸ்சு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னால் சொன்னதுதான். தம்பி வீட்டில் இனிமேல் காபி குடிக்க மாட்டேன் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சொன்னவள், இன்றைக்கும் அங்கே போனால் வெந்நீர்தான் குடிக்கிறாள்.

சின்னண்ணன் ஆடிப்போனார். அந்த வாரம் முழுக்க லோடு விசாரிப்பதை விட்டுவிட்டுப் பூங்கா விசாரித்தார். அந்தமானில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழரின் நம்பரைத் தேடிப் பிடித்து, எந்தக் கிழமை விடுமுறை, மராமத்து ஏதும் உண்டா, மந்திரிகள் யாராவது வருகிறார்களா என்று நாலு தடவை கேட்டார். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை என்று உறுதியானது. சாத்தும் நேரத்தை மட்டும் அவர் கேட்கவில்லை. பூங்கா என்றால் இருட்டும் வரை, ஒரு ஆறு மணி வரைக்குமாவது இருக்காதா?

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினார்கள். திங்கட்கிழமை கடைவீதி. செவ்வாய் காலை படகில் பக்கத்துத் தீவு, மதியம் திரும்பி வந்து பூங்கா. புதன் காலை பத்து மணிக்கு ஊருக்கு விமானம்.

படகு தாமதமாகிவிட்டது. இரண்டரைக்குக் கரையிறங்கி, விடுதி அறைக்கு வந்து முகம் கழுவியபோது மணி மூன்றாக ஐந்து நிமிஷம். சின்னண்ணன் செருப்பை மாட்டினார். வசந்தாமணி கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். ராசிபுரம் நெய்க்கடையில் கொடுத்த தினசரி காலண்டரிலிருந்து பயண நாட்களுக்கான நாலு தாள்களை முன்கூட்டியே கிழித்து மடித்து எடுத்து வந்திருந்தாள்.

“செவ்வாக்கெழம, மூணுல இருந்து நாலரை ராகு காலமுங்க.”

காலி லாரியைக்கூட ராகு காலத்தில் ஷெட்டை விட்டு எடுக்காத ஆள் சின்னண்ணன். செருப்பைக் கழற்றினார். தடித்த திரை போட்ட ஏசி அறையில், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு முப்பத்தொன்றுக்கு வலது காலை எடுத்து வைத்து வெளியே வந்தார்கள்.

பத்து நிமிஷ நடை. பூங்கா வாசலில் காவலாளி சங்கிலியைச் சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். சின்னண்ணன் தன் லாரிக்கார இந்தியில் கெஞ்சினார். இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நாலரைக்குச் சாத்திவிடுவோம் என்றார் காவலாளி. சூரியனும் கடை அடைக்கும் அவசரத்தில்தான் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல் காற்றில் தானாக ஆடியது.

சின்னண்ணன் தீர்ப்புக்குக் காத்திருந்தார். வசந்தாமணி சூரியனைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இங்க காலைல எப்ப விடிஞ்சுதுங்க?”

“அஞ்சரைக்கே வெய்ய உள்ள வந்துச்சே. நீதான் எந்திரிச்சுத் திரையை இழுத்து உட்ட.”

“நம்மூர்ல ஆறே காலுக்குத்தான விடியுது.”

விரல் விட்டு எண்ணினாள். சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவதுதானே ராகு காலம்? தாளில் இருந்தது ராசிபுரத்துச் சூரியன். இந்தத் தீவில் ராகு இரண்டு மணி சுமாருக்கே வந்து மூன்றரைக்கெல்லாம் போய்விட்டான். ராகு காலத்தில் படகை விட்டு இறங்கிவிட்டு, நல்ல நேரத்தில் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சு வாங்கியவருக்கு இப்போது நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்து நின்றது. சிரமப்பட்டு விழுங்கினார்.

“சிரிக்கோணும்னா சிரிச்சுப்போடுங்க” என்றாள் வசந்தாமணி.

“நான் எங்க சிரிச்சன்?”

“மீசை சிரிக்குது.” தாளை நாலாக மடித்தாள். “காலைல எத்தன மணிக்குத் தொறப்பாங்கன்னு கேளுங்க.”

ஆறு மணிக்கு என்றார் காவலாளி.

திரும்பி நடக்கும்போது சின்னண்ணன் மெதுவாகக் கேட்டார். “அப்ப அந்தத் தனி பஸ்சு?”

“இதுல உங்க தப்பு பாதிதானுங்க. பாதித் தப்புக்கெல்லாம் பஸ்சு மாத்த முடியாது.”

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வாசலில் நின்றார்கள். பெட்டிகளும் கூடவே வந்திருந்தன. காவலாளி சங்கிலியை அவிழ்த்ததும் வசந்தாமணி நேராக ஊஞ்சலுக்குப் போனாள். பலகை முழுக்கப் பனி ஈரம். கைப்பையைத் துழாவிப் புதன்கிழமைத் தாளை எடுத்தாள்.

“நேரம் பாக்கறியா, அம்மிணி?” என்றார் சின்னண்ணன்.

அவள் தாளைக் கசக்கிப் பலகையை அழுத்தித் துடைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மொதல்ல போட்டோ எடுங்க. சித்ரா எந்திரிச்சிருப்பா” என்றாள். “அப்பறம் தள்ளுங்க.”