விளிம்பு வரை நிரம்பிய குப்பி

கொதிகலனுக்குத் தீ மூட்டியபோது வானம் இன்னும் வெளுக்கவில்லை. அலசும் தொட்டியின் முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரியக்கா நின்றாள். மேலே குழாய் திறந்தது. வெந்நீர் நாலு விரல் பருமனில் பாய்ந்து விழ, சலவைக்கூடம் முழுக்க ஆவி மூடிக்கொண்டது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் நனைந்ததும் பிணக்கனம் கனத்தன. தூக்கு, பிழியும் இயந்திரத்தில் திணி, திரும்பத் தூக்கு. ஆறு மணிக்குள் நூற்றிருபது விரிப்புகள் உலர்த்தும் அறைக்குப் போயாக வேண்டும்.

"அக்கா, இந்த ஆவியில நின்னு நின்னு என் மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு. பொண்ணு பார்க்க வரச் சொல்லலாமா?" இஸ்திரி மேசையிலிருந்து வாயாடி கேட்டாள்.

"உனக்கு ரெண்டு பேரன் இருக்கான்டி."

"இருக்கட்டுமே. அவனுங்களையும் சேர்த்தே பார்த்துட்டுப் போகட்டும்."

சிரித்தார்கள். வாயாடிக்குப் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. அங்கே நின்று பாடிக்கொண்டே சட்டை தேய்த்தவள் எட்டு மாதத்துக்கு முன் நுரையீரல் புற்றில் போய்ச் சேர்ந்தாள். அவளும் புகைத்ததில்லை, அவள் வீட்டிலும் யாரும் புகைத்ததில்லை. "எந்த வீட்டுல இருக்கே? எந்தத் தண்ணி?" என்று மருத்துவர் அவளிடம் கேட்ட கேள்விதான் நகரச் சுகாதார அலுவலகம் வரை போனது.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் பாறைச் சரிவை ஒட்டி வரிசையாக இருபது வீடுகள். முதலாளிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. கூடத்துக்கும் வீடுகளுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. அலுவலகத்திலிருந்து வந்த பெண் நின்ற நிலையிலேயே விளக்கிவிட்டுப் போனாள்: பாறைக்குள்ளிருந்து ரேடான் என்றொரு வாயு வரும், நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறும். கிணற்றுத் தண்ணீரிலும் கரைந்து வந்து, குழாயைத் திறந்ததும் காற்றில் கலக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தின்னும். முதலில் தண்ணீரைச் சோதிப்போம், அளவு மிஞ்சினால் வீடுகளையும் சோதிப்போம். முதலாளி சரிசெய்து தர வேண்டியிருக்கும்.

அவள் கொடுத்துவிட்டுப் போன குப்பியை மேஸ்திரி நேற்று மாலை நிரப்பி அலமாரியில் வைத்திருந்தார். இன்று ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் சேர வேண்டும்.

ஏழு மணிக்கு வேன் டிரைவரின் மனைவி கூடத்துக்குள் வந்தாள். ஏழு மாத வயிறு. வந்து ஒரு வருடமாகியும் அவளுக்குப் புதுப்பொண்ணு என்றே பெயர். கையில் ஒரு தாள்.

"பெரியக்கா, குப்பி வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில போட்டிருந்தாங்க. ஊசி நூல் வைக்கலாம்னு எடுத்தேன். அடியில இது கிடந்துச்சு."

"எனக்கு இந்த ஆவியில எழுத்து கண்ணுக்குத் தெரியல. நீயே படி."

அவள் படித்தாள். குழாயைக் கொஞ்சநேரம் ஓடவிட வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, குப்பியை அதற்குள் முழுக்க அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் வாயு அதற்குள் ஏறிவிடும், அளவு குறைவாகக் காட்டும்.

வாயாடி போய் அலமாரியைத் திறந்து குப்பியைக் கொண்டுவந்தாள். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அளவு காலி.

மேஸ்திரியின் முகம் செத்துப்போனது. "வெளுப்பு மருந்து ஊத்துற மாதிரியே ஊத்திட்டேன்மா. கழுத்து வரைக்கும் ஊத்தினா பொங்கி மூடி தெறிச்சிடும்ல? முப்பது வருஷப் பழக்கம். கை தானா நின்னுடுச்சு."

"நம்மள்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் ஊத்தியிருப்போம்," என்றாள் பெரியக்கா. "முதலாளிகிட்டச் சொல்லுங்க. வேற குப்பி வாங்கிடலாம்."

மேஸ்திரி போனார். திரும்பியபோது முதலாளியும் கூட வந்தார். கையில் குப்பிக்கான படிவம், சட்டைப்பையில் பேனா.

"அதே குப்பி போதும். ஐநூறு அடி ஆழத்துத் தண்ணி, பளிங்கு மாதிரி இருக்கு. சரியா எடுத்ததுன்னு குடியிருக்கறவங்க ஒருத்தர் சாட்சி போடணுமாம். பெரியக்கா, நீதான் மூத்தவ. போடு."

"சரியா எடுக்கலையே முதலாளி."

"ரெண்டு விரல் காத்து. அதுல என்ன குடி முழுகிடும்?"

"அந்த ரெண்டு விரல் காத்துலதான் நாங்க இருபது வீடும் மூச்சு விடறோம்."

"கதை பேசாதே. வீடு யாரோடது?"

"உங்களோடது. நெஞ்சு எங்களோடது."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். முதலாளியின் கழுத்து சிவந்தது.

"சரி, நீ போட வேண்டாம். நாளைக்குச் சாமானை வெளிய எடுத்து வச்சுக்கோ. எனக்கு இருபது கையெழுத்தா வேணும்? ஒண்ணு போதும்."

அதுதான் அவருடைய பலம். பத்தொன்பது பேர் மறுத்து ஒருவர் போட்டாலும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காகிதம் ஏறிவிடும். அதைத் தாண்டி யாரும் கிணற்றுப் பக்கம் வரமாட்டார்கள்.

வாயாடியிடம் நீட்டினார். "நான் கைநாட்டு. என் கட்டை விரல் இஸ்திரியில வெந்து கிடக்கு," என்று அவள் திரும்பிக்கொண்டாள். போன வாரம்தான் அவள் இந்தக் கூடத்துக்கே கேட்கும்படி செய்தித்தாள் வாசித்தாள். கொதிகலன்காரர் கரிப்பிடித்த இரண்டு கைகளையும் காட்டினார். "தாள் அழுக்காயிடும் முதலாளி." உலர்த்தும் அறைக்காரிகள் மூவரும் ஒரே நேரத்தில் மெஷினைப் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லையாம்.

முதலாளி வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டார்.

"இந்த நிலையில பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எங்கடா வீடு தேடுவே? போடு."

டிரைவர் பேனாவை வாங்கினான். இரைந்த மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி ஒரு விரிப்புக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பயமா இருந்தா போடுங்க. எனக்கும் பயந்தான். ஆனா நம்ம குழந்தை தவழப்போறது அந்தத் தரையிலங்க. அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க."

டிரைவர் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பேனாவை மூடி முதலாளியின் சட்டைப்பையிலேயே செருகினான். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவைதான் செருக முடிந்தது.

"மேஸ்திரி!" முதலாளி கத்தினார். "முதல் வீடு உன்னோடதுதானே? நீ போடு."

"நிரப்பினவனே நான்தானுங்க. தப்பா நிரப்பினேன்னு வேணா எழுதித் தரேன்."

"நன்றி கெட்ட ஜென்மங்களா. இருபது வீட்டுக்கும் நாளைக்கே நோட்டீஸ்!"

"ஒரே நாள்ல குடுங்க," என்றாள் பெரியக்கா. "ஆளுக்கொரு நாளா குடுத்தா எங்களுக்கு அலைச்சல். மருத்துவமனைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாளையிலேர்ந்து விரிப்பை அவங்களே துவைச்சுக்கட்டும்னு."

அவர் வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மேஸ்திரி சைக்கிளை மிதித்து அலுவலகத்திலிருந்து வேறு குப்பியும் புதுப் படிவமும் வாங்கி வந்தார். கொதிகலனுக்குப் போகாத பச்சைத்தண்ணீர்க் குழாயை அலசும் தொட்டியில் கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். பெரியக்கா தொட்டிக்குள் இரு கைகளையும் விட்டுக் குப்பியை அமிழ்த்தினாள். கழுத்தருகே தயங்கிய கையை அவளே அதட்டினாள்: "போ உள்ளே." தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகி வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். இருபது தலைகள் குனிந்து பார்த்தன.

"குமிழி?"

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருடி."

"ஊசிமுனை அளவுகூட இல்லக்கா."

நடந்தே போனார்கள். வெயிலில் மூன்று மைல். புதுப்பொண்ணுக்காக இரண்டு இடத்தில் நின்றார்கள். நாலரைக்கு அலுவலகப் படியேறினார்கள். படிவத்தைப் பார்த்த எழுத்தர் கண்ணாடியை இறக்கினார்.

"சாட்சி யாரு?"

"நாங்கதான்."

"ஒரு ஆள் போதும்மா. ஒரு வரிதான் இடம் இருக்கு. முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் இத்தனை பேர் இங்கயேவா நிப்பீங்க?"

"ஒரு ஆள் போட்டா அந்த ஒரு ஆளைத் துரத்துவாங்க தம்பி," என்றாள் பெரியக்கா. தன் பெயரை அந்த வரியில் அழுத்தி எழுதினாள். "மத்தவங்களுக்குப் பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? திருப்புங்க."

எழுத்தர் அவளை ஒரு கணம் பார்த்தார். தாளைத் திருப்பி மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். டிரைவர் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டிப் படிவரை நின்றது.