பூட்டியிருந்த பதினொரு வீடுகள்

விடிகாலை முதல் பேருந்து எங்கள் மேட்டடியிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு நான் ஏற்கெனவே முட்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். சாக்கை நாலாக மடித்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும். இடது உள்ளங்கையில் சுண்ணாம்புக் கல், வலது கையில் சுத்தியல். ஓரம் பார்த்து ஒரு தட்டு. நல்ல கல்லென்றால் ஒரே தட்டில் சதுரமாகிவிடும். ஈரம் குடித்த கல் சண்டித்தனம் செய்யும். மூன்று தட்டினாலும் மூலைதான் உடையும், கூடவே நம் கட்டைவிரல் நகமும். நவம்பர் பனியில் மணலும் கல்தூளும் கலந்த படுக்கை விரலைக் கடிக்கும். அதில் கல்லை நட்டு, பக்கத்துக் கல்லோடு நெருக்கி, சுத்தியலின் பின்பக்கத்தால் இரண்டு குத்து. அப்புறம் அடுத்த கல். பின்னால் ஒருவன் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டே வருவான். பத்து மணிக்கு எழுந்து நின்றால் முதுகு நம்மோடு சேர்ந்து எழுந்திருக்காது.

நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது ஒரு சதுக்கம். லிஸ்பன் நகரத்தின் விளிம்பில், பேருந்துகள் திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் ஃபிகேரா மேடு. கேப் வெர்டே தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட வீடுகள். லிஸ்பனில் பாதிக் கட்டடங்களை நாங்கள்தான் கட்டினோம், எங்களுக்கு வீடு கட்ட மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. ஏழு நாடுகளின் ஏழு பெருநகரங்கள் கைகோத்துத் தங்கள் புறநகர்களைச் சீராக்கும் திட்டம் என்று மேட்டடியில் ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். வாய்க்கு வந்தபடி அதைத் திட்ட மாட்டேன். அந்தத் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் சந்துக்குச் சாக்கடைக் குழாய் வந்தது. எங்களைக் குடிவைக்க அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றும் எழும்பியது. அதன் வாசலில்தான் இந்தச் சதுக்கம். வியாழக்கிழமை ஏழு நகரத்துப் பிரதிநிதிகளும் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள்.

எங்கள் ஒப்பந்தக்காரர் அபீலியு செய்ஷாஸ் திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். வழக்கமாகப் பத்து மணிக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

"ஜெர்மானு மேஸ்திரி! இங்க வா."

எழுந்து போனேன்.

"நாளைக்குக் கல்லு வேலய நிறுத்து. ஆறு ஆள எடுத்துக்க, கடப்பாரை, சம்மட்டி எல்லாம் எடுத்துக்க. மேல சந்துல பதினோரு காலி வீடு இருக்கே, அத உடச்சுக் குமிச்சிரணும். மறுநாள் வண்டி வந்து அள்ளிக்கும்."

"எந்தக் காலி வீடு, மொதலாளி?"

"தெரியாத மாதிரி கேக்காத. நகராட்சி லிஸ்ட்டுல இருக்கு. ஆளில்லாத கட்டடம்னு."

பின்னால் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. என் கூட்டத்தில் கல் உடைக்கிற இல்டு வாய் சும்மா இருக்கிற ஆளில்லை.

"மொதலாளி, அதுல ஏழாவது காலி வீட்டுல நான்தான் பேயா இருக்கேன். நேத்து ராத்திரிகூட மீன் வறுத்துச் சாப்பிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அபீலியு சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதினொரு வீடும் காலி என்று ஏட்டில் ஏறினதற்குக் காரணமே நான்தான்.

பிப்ரவரியில் என் வீட்டுக்குத் தளம் போட்டோம். எங்கள் தீவு வழக்கம் அது. ஒருத்தன் வீட்டுக்குக் கூரைத் தளம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை, சந்திலுள்ள அத்தனை பேரும் கை கொடுப்பார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரன் மக்காச்சோளமும் மொச்சையும் பன்றிக்கறியும் போட்டு ஒரு பெரிய பானை கச்சூப்பா வைத்துச் சாப்பாடு போட வேண்டும், அடுத்தவன் தளத்துக்கு அவனும் போக வேண்டும், அவ்வளவுதான். கலவை கலப்பவர்கள் கீழே, கலவை அள்ளின பாண்டுச் சட்டியைக் கைமாற்றுகிறவர்கள் ஏணியில், மட்டம் பார்க்க நான் மேலே. ஒரு முறை கான்கிரீட் கொட்ட ஆரம்பித்துவிட்டால் முடிகிற வரை யாரும் இறங்கக் கூடாது. பாதியில் விட்டால் அந்த இடத்தில் ஒட்டு விழும், மழைக்கு ஒழுகும். அதைவிட, தளம் பாதியில் இருக்கும்போது இறங்கிப் போகிறவனை எங்கள் சந்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து, அடுக்குமாடியில் யார் யாருக்கு வீடு என்று முடிவு செய்யக் கணக்கெடுக்க வந்தார்கள். நகராட்சி ஆள் ஒருவன், கையில் அட்டையோடு. கூடவே திட்டத்தின் நிபுணர், மார்லேன் என்று ஐரோப்பாவின் வடக்கிலுள்ள ஒரு நகரத்திலிருந்து வந்த அம்மாள். அந்த அம்மாள் நாங்கள் வரிசையாக நின்று பாண்டு மாற்றுவதைப் பார்த்து வாய் பிளந்துபோய்ப் படம் படமாக எடுத்தார். இரண்டு தட்டு கச்சூப்பாவும் சாப்பிட்டார். நகராட்சி ஆள் சந்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து மேலே பார்த்துக் கத்தினான்:

"பதினோரு வீடு பூட்டிக் கெடக்கு! ஆளுங்க எறங்கி வந்து கதவத் தொறங்க, எழுதிக்கிட்டுப் போயிடறேன்!"

டொமிங்காஸ் அக்கா ஏணியில் நின்றிருந்தாள். கையிலிருந்த பாண்டைக் கைமாற்றிவிட்டு, "நான் எறங்கிக் காமிச்சுட்டு ஓடியாந்துடறேன்" என்று ஒரு காலைக் கீழே வைத்தாள். நான்தான் மேலிருந்து கத்தினேன். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

"யாரும் எறங்கக் கூடாது! கலவை எறுகிப்போகும். அவன நாளைக்கு வரச் சொல்லுங்க!"

யாரும் இறங்கவில்லை. அவன் மறுநாள் வரவும் இல்லை. அக்டோபரில் கடிதங்கள் வந்தன. எனக்கு அடுக்குமாடியில் நாலாவது மாடியில் வீடு. என் தளத்துக்கு முதுகு ஒடிந்த பதினொரு குடும்பத்துக்கும் ஒரே வரி: ஆளில்லாத கட்டடம், அகற்றப்படும். கடிதத்தைப் படித்த நாளிலிருந்து டொமிங்காஸ் அக்கா என்னைக் கண்டால் எதிர்ச்சுவரோரம் ஒதுங்கிப் போவாள். நாங்கள் நகராட்சிக்கு மூன்று முறை போய்ப் பார்த்தோம். திட்ட அலுவலகத்தைக் கேள் என்றார்கள். அங்கே போனால் நகராட்சியைக் கேள் என்றார்கள்.

"அங்க ஆளுங்க குடியிருக்காங்க, மொதலாளி. உங்களுக்கே தெரியும். டொமிங்காஸ் அக்கா வீட்டு வாசல்ல நின்னு நீங்க காப்பி குடிச்சிருக்கீங்க."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? காகிதத்துல ஆளில்ல. வியாழக்கெழம ஏழு ஊருக்காரனும் இந்தச் சதுக்கத்துல நிப்பான். தலையத் தூக்குனா மொதல்ல கண்ணுல படறது அந்தத் தகரக் கூரைங்கதான். சுத்தமா இருக்கணும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

"மேலன்னா யாரு?"

"மேலன்னா மேல. என்னய்யா, வக்கீலு மாதிரி கேக்கற?" குரலைத் தணித்துக்கொண்டு என் தோளில் கை போட்டார். "இத பாரு. வியாழக்கெழம விழா மேடையில வெச்சு உங்கையிலதான் மொத சாவியக் குடுக்கப் போறாங்க. நீ தளம் போட்ட படத்தத்தான் பேனருக்கே எடுத்திருக்காங்க. 'மக்கள் பங்கேற்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டு. அடுத்த கட்ட வேல மூணு வருஷம் ஓடும், மேஸ்திரி நீதான். ஏன் கெடுத்துக்கற?"

"அந்தப் படத்துல என் முதுகு நல்லா விழுந்திருக்குல்ல மொதலாளி?" என்றான் இல்டு. "ஆளில்லாத வீட்டு முதுகு."

அபீலியு அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்குக் காலையில எட்டு மணி. நீ வரலன்னா மெஷின் வரும். மெஷினுக்கு மனசெல்லாம் கெடையாது."

அன்றைக்கு மதியத்துக்கு மேல் எனக்குக் கல் வேலை ஓடவே இல்லை. தட்டின கல்லெல்லாம் கோணலாகப் போனது. வீட்டுக்குப் போனால் என் மனைவி ஆர்லிண்டா புது வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலையா? நம்ம தலைக்கு மேல இருக்கே இந்தத் தளம், இதுல எத்தன பேரு வேர்வ கலந்திருக்குன்னு தெரியுமில்ல? இங்க வந்து ஒக்காராத. போ. போய் அந்தக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வா."

டொமிங்காஸ் அக்கா அப்போதுதான் நகரத்திலிருந்து திரும்பியிருந்தாள். விடியுமுன் கிளம்பி மூன்று அலுவலகம் துடைக்கிறவள். வாசல்படியில் உட்கார்ந்து, வீங்கின பாதத்தை ஒரு பேசின் வெந்நீரில் வைத்திருந்தாள். நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு இடிக்க வர்றாங்க. என்னையே இடிக்கச் சொன்னாங்க."

"இடி. தளம் போடறதுல நீ கெட்டிக்காரன். இடிக்கறதுலயும் இருப்ப."

"என்னய நாலு அடி வேணா அடி. இப்படிப் பேசாத."

"பின்ன எப்படிப் பேசணும்? ஒரு கால கீழ வெச்சேன் ஜெர்மானு. ஒரே ஒரு கால. ஒரு நிமிஷம் விட்டிருந்தா நான் ஆளுள்ள வீட்டுக்காரி. உன் தளத்துல ஒட்டு விழுந்துடும்னு என் குடும்பத்தையே ஏட்டுலேர்ந்து அழிச்சிட்டியே பாவி!"

அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். வெட்கமென்ன இதில்? தப்பு என்னுடையது. சொல்லியும் விட்டேன்: "தப்பு எம்மேலதான்க்கா. தளம் ஒழுகியிருந்தா ஒழுகியிருக்கட்டும். உன்ன எறங்க விட்டிருக்கணும்."

அவள் பேசினை ஓரமாகத் தள்ளினாள். பிறகு பாதத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மூக்கச் சிந்திட்டு வா. ஆளுங்களக் கூப்பிடு" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே சந்தில் கூடினோம். பதினொரு வீட்டாரும் என் கூட்டத்து ஆட்களும். ஆளுக்கொரு யோசனை. மேடைக்கு முன்னால் போய்ப் படுக்கலாம் என்றான் ஒருவன். பேனரைக் கிழிக்கலாம் என்றான் இன்னொருவன். இல்டு, பிரதிநிதிகளுக்குக் கெட்டுப்போன கச்சூப்பா போடலாம் என்றான். டொமிங்காஸ் அக்காதான் எல்லாரையும் அடக்கினாள்.

"படுக்கவும் வேணாம், கிழிக்கவும் வேணாம். அன்னிக்குப் பூட்டிட்டுப் போனோம். நாளைக்குத் தொறந்து வெச்சுக்கிட்டு அவங்கவங்க வீட்டுல இருப்போம். எவனும் வேலைக்குப் போக வேணாம். நானும் போவல. மூணு ஆபீசும் ஒரு நாளைக்கு அழுக்கா கெடக்கட்டும்."

"வேலைய விட்டுத் தூக்கிட்டா?" என்றது ஒரு குரல்.

"தூக்குவாங்கதான். வீடே போனப்பறம் வேலைக்கு எங்கேர்ந்து கெளம்பிப் போவ?"

வீடு கிடைத்துவிட்ட நாலு பேர் என் கூட்டத்தில் உண்டு. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், சதுக்கத்தில் நாளைக்கு ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, நடுவில் இன்னும் கல் பதிக்காத வட்டம் அப்படியே மண்ணாகக் கிடக்கட்டும் என்று. ஒருவன் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போனான். மற்றவர்கள் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பொக்லைன் வண்டி சந்துக்குள் நுழைந்தது. பின்னால் ஜீப். பதினொரு கதவும் விரியத் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள். ஒரு வீட்டில் துணி துவைத்தார்கள். ஒரு வீட்டில் ரேடியோ அலறியது. நான் டொமிங்காஸ் அக்கா வாசலில் நின்றேன். என் பக்கத்தில் ஆர்லிண்டா.

அபீலியு இறங்கினார். "மேஸ்திரி, கீழ ஒருத்தனும் வேலைக்கு வரல! வியாழக்கெழம நான் அவங்களுக்கு மண்ணையா காட்டறது?"

"காட்டுங்க மொதலாளி. நாங்களும் இங்கதான் இருப்போம், எங்களையும் காட்டுங்க."

"ஓட்டு வண்டிய!" என்று ஓட்டுநரிடம் கத்தினார். ஓட்டுநர் தலை நரைத்த மனிதர், எங்கள் தீவு ஆள் இல்லை, லிஸ்பன்காரர். திறந்த கதவுகளைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

"ஆளில்லாத வீடுன்னுதான் எங்கிட்ட சொன்னீங்க" என்றார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவர் நகர்த்தவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மார்லேன் அம்மாள் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். பேனர் கட்ட வந்த இடத்தில் சதுக்கம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, ஆட்களைத் தேடி வந்திருக்கிறார். கையில் இன்னும் சுருட்டின பேனர்.

"இங்கே யாரும் வசிக்கவில்லை என்று எங்கள் அறிக்கை சொல்கிறது" என்றார், தட்டுத் தடுமாறி.

டொமிங்காஸ் அக்கா பேனரை வாங்கி விரித்தாள். என் தளம். ஏணி. பாண்டு கைமாற்றும் வரிசை. விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டாள். "இது நான். இது இல்டு. இது அஞ்சாவது வீட்டுக்காரி. இது அவ புருசன். நாங்க எல்லாம் இந்தப் படத்துக்குள்ளதாம்மா இருந்தோம். அதனாலதான் வீடு பூட்டியிருந்துச்சு. வாங்க, உள்ள வந்து அடுப்பத் தொட்டுப் பாருங்க."

அந்த அம்மாளின் முகம் சிவந்துபோனது. படத்தையும் வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தார். அபீலியு குறுக்கே வந்தார்: "மேடம், இதெல்லாம் உள்ளூர் விவகாரம். நகராட்சி பாத்துக்கும்."

"நான் எடுத்த படம் இது" என்றார் அவர். பிறகு எங்களிடம், "என்னால் எந்த வாக்கும் கொடுக்க முடியாது. ஏழு நகரங்களும் முடிவு செய்ய வேண்டும். நகராட்சி மறுக்கலாம்."

"மறுக்கட்டும்மா" என்றேன். என் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும். வியாழக்கெழம எனக்குச் சாவி வேணாம். இவங்க பேரு ஏறட்டும், அப்பறம் நான் மேடையேறறேன். இந்தப் பதினொண்ணோட என்னையும் சேத்துப் பன்னெண்டுன்னு எழுதிக்குங்க."

"முட்டாப்பய!" என்றார் அபீலியு.

என் பின்னால், வீடு கிடைத்த நாலு பேரில் மூன்று பேர் தங்கள் கடிதத்தைத் தேடிச் சட்டைப் பையில் கை விட்டார்கள். ஆர்லிண்டா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மார்லேன் அம்மாள் கடிதங்களை வாங்கிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். முதலில் அக்கா வாசலிலேயே நின்று, "பெயர்?" என்று கேட்டார். பொக்லைன் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தில் காதில் விழாமல் போய்விடக் கூடாதே என்று டொமிங்காஸ் அக்கா, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, தன் முழுப்பெயரையும் உரக்கச் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் அடுத்த வாசலில் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.