ஹேடோவின் நான்கு ஜெகநாதன்கள்

ரூபா நாற்காலிகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்திருந்தாள். வாடகைக்கு எடுத்தது அறுபது. மணி பத்தரை ஆகியும் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் நாற்காலி இறக்க வந்தவர்கள். உள்ளே அப்பா ஐஸ் பெட்டியில் கிடந்தார். பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது.

முப்பத்தாறு வருஷம் அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை இறக்கிய மனுஷன். யார் வீட்டில் சாவு என்றாலும் பாடை கட்ட முதல் ஆளாய்ப் போய் நிற்பவர். அவரைத் தூக்க நாலு பேர் வரக்கூடாதா? அழுது ஓய்ந்த ரூபாவுக்கு இப்போது கோபம்தான் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை.

சுவரில் சாய்ந்திருந்த அம்மா அன்னம்மாள் கேட்டாள். "எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"பென்ஷன்காரங்க குரூப்புல போடச் சொல்லி செகரட்டரிக்கு அனுப்புனேன்மா. ஏழு மணிக்கே போட்டுட்டாரு."

"என்னன்னு எழுதுன?"

"துறைமுகத்துல வேல பாத்து ரிட்டயர் ஆன ஜெகநாதன் காலமானார்னு."

"சோட்டான்னு போடலையா?"

"போடல."

அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நான்கு ஜெகநாதன்கள். ஒருவர் தெலுங்கர், ஒருவர் ஒடியாக்காரர், ஒருவர் வங்காளி, நாலாவது அப்பா. எல்லா ஊருக்கும் பொதுவாய் வாய்த்த பேர், தீவு இந்தியில் எல்லாரும் ஜெகநாத். யூனியன் தலைவரான வங்காளி படா, அதாவது பெரியவர். மற்ற இரண்டு பேர், பார்த்த வேலையை வைத்து, கிரேனும் கேண்டீனும். கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பாவத்துக்கு, ஆறடி உயர அப்பா சோட்டா, சின்னவர் ஆனார். படா ஜெகநாத் பேசி ஜெயித்ததெல்லாம் ஹேடோவில் இன்றைக்கும் கதை. சோட்டாவுக்கு என்ன கதை இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் ரூபாவை 'சோட்டா கீ பேட்டி', சோட்டா மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். அதை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை. போகும்போதாவது அப்பா தன் சொந்தப் பேரோடு போகட்டும் என்று நினைத்தாள்.

பக்கத்து வீட்டு சுரேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்தபடி வந்தான்.

"அக்கா, ஆளுங்க எல்லாம் புரோத்ராபூர்ல நிக்கிறாங்க. படா ஜெகநாத் வீட்டுல."

"அங்க எதுக்கு?"

"அவருதான் போயிட்டாருன்னு. போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்தாருல்ல, அதான் எல்லாரும் நம்பிட்டாங்க. மாலையோட போயி நின்னா, அவரு வெளிய உக்காந்து சாய் குடிச்சிட்டு இருக்காராம்."

யாரும் சிரிக்கவில்லை. ரூபா கையிலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவு வருஷம் பழகுனவங்க, ஜெகநாதன்னா அப்பா ஞாபகமே வராதாம்மா?"

"சோட்டான்னு கூப்ட்டாத்தான் உங்கப்பாவே திரும்பிப் பாப்பாரு," என்றாள் அன்னம்மாள். "எழுதிப் போடுடி. நேரமாகுது."

ரூபா போனை எடுத்தாள். சோட்டா ஜெகநாத், ஹேடோ. அவ்வளவுதான் எழுதினாள். அனுப்பும்போது அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது.

அரை மணிக்குள் தெரு முனை வரைக்கும் பைக்குகள் நின்றன. அடுக்கிய நாற்காலிகளை அவர்களே பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் நாலைந்து பேர், யாரும் சொல்லாமலே மூங்கிலை வெட்ட உட்கார்ந்தார்கள். சோட்டாவா, நம்ம சோட்டாவா என்று கேட்டுக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார் ஒருவர். அந்தப் பேரை அவ்வளவு அழுகையோடு யாரும் சொல்லி ரூபா கேட்டதில்லை.

கடைசியாக ஓர் ஆட்டோ வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்க, படா ஜெகநாத் இறங்கினார். இரண்டு தோளிலும் மாலைகள். ரூபாவைப் பார்த்ததும் அரைகுறைத் துறைமுகத் தமிழில் பேசினார்.

"எனக்குக் கொண்டு வந்தான், பேட்டி. எல்லாம் உங்க அப்பாக்கு."

உள்ளே போய் "சோட்டா" என்று கூப்பிட்டார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் மாலைகளை ஒவ்வொன்றாக வைத்தார். பதினாலோ பதினைந்தோ இருக்கும்.

"ரூபா, முகம் மறையுது பாரு," என்றாள் அன்னம்மாள்.

ரூபா குனிந்து பூக்களை ஒரு பக்கமாகத் தள்ளினாள். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள்.