சாயக் கம்பெனி மாப்பிள்ளை

ஜீவந்தரன் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். ஆரணியில் கெமிக்கல் என்றால் சாயம். அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவன் அம்மா சந்திரகாந்தா திருத்தவில்லை. போனில் பெண் சந்தனா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நிச்சயம் முடிந்து, முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் பட்டுக்கடைப் பாயில் உட்கார்ந்தாயிற்று.

கடைக்காரன் உதயா அரக்குப் புடவை ஒன்றை உதறி விரித்தான்.

"கலர் போவுமா?" என்றார் பெண்ணின் அப்பா தரணேந்திரன். களம்பூரில் நெல் வியாபாரம். எதையும் தேய்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"இன்னா சார் நீங்க! சாயக் கம்பெனி மாப்பிள்ளைய பக்கத்துல வச்சிகினு என்னைக் கேக்கறீங்க?"

எல்லோரும் ஜீவந்தரனைப் பார்த்தார்கள். அம்மா அவன் முழங்காலைக் கிள்ளினாள்.

"சாயத்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் செய்யறது வெடிமருந்து. கல்குவாரிக்கு."

உதயாவின் கை மடிப்பிலேயே நின்றுவிட்டது.

தரணேந்திரன் சந்திரகாந்தாவிடம் திரும்பினார். "பொழுது சாஞ்சா சாப்பிடாத ஜைனக் குடும்பம்மா நாங்க. பூச்சி வாயில போயிடும்னு. உங்க புள்ள மலைக்கே வெடி வைக்கிறாரா?"

"நாங்க மட்டும் ராத்திரிலயா சாப்பிடறோம்? இந்தப் புடவைக்கு எத்தினி புழுவக் கொதிக்க வச்சாங்கன்னு கேளுங்களேன் சம்பந்தி."

"அம்மா, மெதுவா," உதயா கெஞ்சினான். "பக்கத்துல கஸ்டமர் இருக்காங்க."

சண்டை சூடு பிடித்தது. சந்தனா ஜீவந்தரன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த மருந்து நீங்களே கண்டுபிடிச்சதா?"

"ஆமா. பழைய மருந்து கைதவறி விழுந்தாலே ஆபத்து. என்னோடது அப்படியில்ல. அதுக்காகத்தான் செஞ்சேன்."

"நல்லதுதானே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்டி இருக்கு?"

"ஆபத்தில்லன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் பயம் போயிடுச்சு. பெட்டி மேல உக்காந்து பீடி பிடிக்கறாங்க. போன வருஷம் ஒருத்தர், மருந்து வச்சும் வெடிக்காம நின்னுபோன குழிய எட்டிப் பார்க்கப் போனார். பழைய மருந்தா இருந்தா கிட்டவே போயிருக்கமாட்டார்."

"செத்துட்டாரா?"

"ஆமா. மருந்து மேல தப்பில்லன்னு கம்பெனி சொல்லிடுச்சு."

"அவர் வீடு எங்க?"

"தேசூர்."

"போனீங்களா?"

"இல்ல. என்னன்னு சொல்லிகினு போறது?"

சந்தனா அரக்குப் புடவையை மடித்து உதயாவிடம் நீட்டினாள். "அண்ணா, இத எடுத்து வைங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க."

பெரியவர்கள் சண்டையை நிறுத்தினார்கள்.

"தேசூர் போய்ட்டு வாங்க," என்றாள் ஜீவந்தரனிடம். "அப்புறம் பாக்கலாம்."

"கல்யாணமா, புடவையா?"

"ரெண்டும்தான். அவர் வீட்ல என்ன சொன்னாங்கன்னு மறைக்காம வந்து சொல்லுங்க."

"நீங்களும் வாங்களேன்."

"நானா கண்டுபிடிச்சேன்?"

"வந்தவாசி பஸ் புடிச்சு மாறிக்கணும்," என்றார் தரணேந்திரன், கோபம் தீராமலே. "ஜல்தி போனா புடிச்சிடலாம்."

ஜீவந்தரன் எழுந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், அங்க போய் இன்னா சொல்லப் போற?"

"பேரைச் சொல்லுவேன். அது நான் செஞ்சதுன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க பேசுவாங்கம்மா."