தாய்மாமன் அணிந்துரை

நாகஜோதியின் நாவலில் கொலையாளி யார் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். அழகுமலையின் அணிந்துரையில் அது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் டோக்கன் மேஜையில் உட்கார்ந்து, அவள் அதைப் போனில் படித்தாள். “வர்ணனையாளனே கொலைஞன் எனும் மாபெரும் தரிசனத்தை, பதிவுக்குரல் எனும் படிமத்தின் வழியே முன்வைக்கும் எம் மருமகனின் இல்லாளது பேனா வாழ்க” என்று இருந்தது. பேனா வாழும். நாவல் செத்தது.

கதை இதுதான். ஜல்லிக்கட்டு நாளில் விழாக் கமிட்டித் தலைவர் மாட்டுக் கொட்டகையில் இறந்து கிடக்கிறார். ஊர் பழியை மாட்டின் மேல் போடுகிறது. கொன்றவனோ மைக்கில் வர்ணனை செய்பவன். காலையிலிருந்து அவன் குரல் ஒலிபெருக்கியில் ஓயாமல் கேட்டதால் யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. பதிவு செய்த குரலை ஓடவிட்டுவிட்டு, இறங்கிப்போய்க் காரியத்தை முடித்திருக்கிறான். இந்த ஒரு முடிச்சுக்காக நாகஜோதி பல வருடங்கள் விடுமுறை நாள்களைத் தின்றிருந்தாள். பதிப்பகங்கள் பதில் போடவில்லை. தானே அச்சடிப்பது என்று முடிவு செய்தாள். அட்டை, மெய்ப்பு, அச்சகம் எல்லாவற்றையும் தனியாகவே சமாளித்தாள். சமாளிக்க முடியாமல் போனது குடும்பத்தை.

புத்தகம் போட்டால் வெளியீட்டு விழா வேண்டும் என்றான் கணவன் செல்வக்குமார். விழா என்றால் தாய்மாமன் வேண்டும். அவனுடைய தாய்மாமன் அழகுமலையோ கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர். மரபுக்கவிதையில் தொடங்கி மாடித்தோட்டக் கையேடு வரை இந்த வட்டாரத்தில் அவர் அணிந்துரை தராத நூல் கிடையாது. அவர் எழுத்தில் எல்லா நூல்களும் கடல், எல்லா ஆசிரியர்களும் வானம். ஆகவே காதுகுத்துக்கு முதல் மாலை மாமனுக்கு என்பதுபோல, நாவலின் முதல் பக்கங்களும் மாமனுக்கு என்று ஆனது.

அன்று மாலை வீட்டில் பேச்சை ஆரம்பித்தாள்.

“ஏங்க, உங்க மாமா கொலகாரன் யாருன்னு எழுதிட்டாருங்க.”

“நல்லாத்தான எழுதியிருக்காரு? பாதி எனக்கே புரியல.”

“கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. இனி எவன் படிப்பான்? அணிந்துரையப் பின்னாடி போட்டுக்கிறட்டுமா?”

செல்வக்குமார் பைக் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “தாய்மாமனப் பின்னாடி போடுறதா? பாப்பா காதுகுத்துல மாலைய ரெண்டாவதாப் போட்டாகன்னு பந்தியில உக்காராமப் போனாரு, மறந்துட்டியா? எங்கம்மா இன்னும் அதச் சொல்லி மூக்கச் சிந்துது.”

“அப்ப அந்தப் பத்தியவாச்சும் வெட்டச் சொல்லுங்க.”

“நான் சொல்ல மாட்டேன்ப்பா. நீதான எழுத்தாளரு, நீயே சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை அவள் டி. கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினாள். அழகுமலை முன்னறையில், தனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளில் ஒன்றை ஸ்டூலுக்கு விரிப்பாகப் போட்டு, அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தார். பொன்னாடை உருப்படியான பயனுக்கு வந்ததை அங்கேதான் பார்க்க முடியும்.

“வா தாயி. படிச்சியா? எப்புடி?”

“பிரமாதம் பெரியப்பா. ஒரே ஒரு பத்தி மட்டும் எடுத்துறலாமான்னு...” என்று இழுத்தாள். புருஷனின் தாய்மாமன் அவளுக்குப் பெரியப்பா முறை.

“எந்தப் பத்தி?”

“கொலகாரன் யாருன்னு சொல்ற பத்தி.”

“அதுதான தாயி அணிந்துரைக்கு உசுரு!”

“கதைக்கும் அதுதான் பெரியப்பா உசுரு.”

அவர் சிரித்தார். “முடிவு தெரிஞ்சா என்ன? முடிவு தெரிஞ்ச கதையத்தான விடிய விடியக் கூத்துல ஒக்காந்து பாக்குறோம்? இலக்கியத்துக்கு நயம்தான் முக்கியம்.”

“அது சரிதான் பெரியப்பா. ஏட்டம்மா கனகா எப்படி வந்திருக்குன்னு சொல்லவே இல்லையே?”

“எந்த ஏட்டம்மா?”

நாவலில் துப்பறிவதே போலீஸ் ஏட்டம்மா கனகாதான். கடைசி அத்தியாயம் மட்டும் கொலையாளியின் வாக்குமூலம். அதில் மட்டும் ஏட்டம்மா இல்லை. மற்ற எல்லா அத்தியாயத்திலும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறாள்.

அழகுமலை கொஞ்சமும் கூசவில்லை. “நூலோட சாரம் கடைசி அத்தியாயத்துல இருக்கும் தாயி. நான் எப்பவும் அங்கயிருந்துதான் தொடங்குவேன்.”

எங்கே முடிப்பார் என்று அவள் கேட்கவில்லை.

“இந்தா பாரு,” என்றார் அவர், குரல் மாறி. “வெட்டணும்னா மொத்தமா வெட்டிரு. நான் மேடைக்கும் வரல. உன் மாமியாட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“ஐயோ வேணாம் பெரியப்பா. அப்படியே இருக்கட்டும்.”

திரும்பும் பஸ்சில் அவள் அணிந்துரையை மறுபடி திறந்தாள். எங்கேயாவது ஒரு வார்த்தையை அவருக்குத் தெரியாமல் உருவ முடியுமா என்று பார்க்கத்தான். “பதிவான குரல் ஒவ்வொரு காளையின் பெயரையும் முறையே முழங்க” என்ற இடத்தில் கண் நின்றது.

முறையே?

அவளுடைய அம்மா ஊர் அலங்காநல்லூர். வாடிவாசலில் எந்தக் காளை முறையாக வந்திருக்கிறது? ஒன்று உள்ளே படுத்துக்கொண்டு எழாது. ஒன்றுக்கு மூக்கணாங்கயிறு அறுபடாமல் சிக்கும். அதற்குள் பின்னால் நின்றது முந்திக்கொண்டு பாயும். சோணைமுத்து மாடு என்று பதிவுக்குரல் முழங்கும்போது தவசி மாடு வெளியே வந்தால், கூட்டம் அங்கேயே கைகொட்டிச் சிரித்திருக்குமே!

இதை அவளும் பார்க்கவில்லை. வாட்ஸாப்பில் “சூப்பர் சிஸ்” போட்ட எழுத்தாள நண்பர்களும் பார்க்கவில்லை. அவளுடைய நடையில் அந்த முடிச்சு அழகாகவே இருந்தது. அழகுமலை அதன் மேல் அலங்காரமெல்லாம் ஏற்றி ஒரே வாக்கியத்தில் கட்டியதும் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. திருமங்கலம் வருவதற்குள் அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டாள். தாண்டியதும் சிரிப்பு வந்தது.

இறங்கியதும் புத்தகத்தைப் பக்கம் வடிவமைக்கும் சூரியபிரகாஷைக் கூப்பிட்டாள்.

“தம்பி, கடைசி மூணு அத்தியாயம் மாறுது.”

“யக்கா, ஃபைல் அச்சகத்துக்குப் போகப் போகுதுக்கா!”

“போகட்டும், மெதுவாப் போகட்டும். எனக்கு ஒரு மாசம் வேணும். ஆனா அணிந்துரையில ஒரு புள்ளியக்கூடத் தொடாத.”

“அதுலதான் மைக்குக்காரன்னு பச்சையாப் போட்டிருக்கே. அவன்தான?”

“பெரியவுக சொன்னா நம்பணும் தம்பி.”

புதிய கையெழுத்துப் பிரதியில் ஏட்டம்மா கனகாவும் பதிவுக்குரல் என்றுதான் முதலில் நினைக்கிறாள். வர்ணனைக்காரனைப் பிடித்து உட்கார வைக்கிறாள். அப்புறம்தான் அன்றைக்குக் காளைகள் முறை மாறிப் பாய்ந்ததும், ஒவ்வொரு முறையும் மைக்கில் சரியான பெயர் ஒலித்ததும் அவளுக்கு உறைக்கிறது. அவன் மைக்கை விட்டு நகரவே இல்லை. வேறு யார் கொன்றது என்பதை இங்கே நானும் சொல்லிவிட்டால் எனக்கும் ஒரு பொன்னாடை வந்துவிடும், வேண்டாம்.

விழா கே.கே. நகரில் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. வாசல் ஃபிளக்ஸில் அழகுமலை படம் பெரிதாகவும், நாகஜோதி படம் அளவாகவும், புத்தக அட்டை தபால்தலை போலவும் இருந்தன. அழகுமலை மேடையில் நீண்ட நேரம் கடலாகப் பொங்கி, கடைசியில் விரலை உயர்த்தி அறிவித்தார்: “கொலைஞன் யார்? வர்ணனையாளன்!”

கைதட்டல் எழுந்தது. மாமியார் பெருமையில் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த செல்வக்குமார் குனிந்து, “கோவமா இருக்கியா?” என்றான்.

“இல்லங்க. உங்க மாமா இம்புட்டு நல்லாப் பேசுவாருன்னு எனக்கே தெரியாது,” என்றாள் நாகஜோதி. அரங்கில் அதிகச் சத்தமாகக் கைதட்டியது அவள்தான்.

முடிவை மாற்றியதை அவனிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. புத்தகம் வந்தபின் அவனும் படிப்பான் என்று ஒரு நம்பிக்கை. எழுத்தாளர்களுக்கு அது ஒன்றுதான் மூலதனம். அழகுமலை தன் பிரதியை மாலை, பழத்தட்டோடு பையில் போட்டுக்கொண்டு போனார். கண்ணாடித்தாள் உறை பிரியவே இல்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் போன் வந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் எண் போட்டிருந்தாள்.

“நாகஜோதிங்களா? நான் வாடிப்பட்டியிலருந்து ஒச்சம்மாள் பேசுறேன். சத்துணவு டீச்சர். உங்க கதையத்தான் படிச்சிட்டிருக்கேன்.”

“சொல்லுங்கக்கா.”

“யாருங்க அந்தப் பெரியவரு, முன்னால எழுதியிருக்காரே? அவரு பேச்சக் கேட்டு அம்புட்டுப் பக்கமும் அந்த மைக்குக்காரனையே மொறச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப பாத்தா அவன் மைக்க விட்டு எந்திரிக்கவே இல்லங்குறீங்க! அந்தாளு வேணும்னே பொய் சொன்னாரா?”

“இல்லக்கா, பாவம். அவரு மனசாரத்தான் சொன்னாரு.”

“நல்லாச் சொன்னாரு போங்க. அப்ப யாருதான் கொன்னது?”

நாகஜோதி வாயைத் திறந்தாள்.

“ஏ, சொல்லிறாதீங்க!” என்று அந்தப் பக்கம் அலறல் கேட்டது. “அடுப்புல ஒலை கொதிக்குது, எறக்கி வச்சிட்டு நானே படிச்சிக்கிறேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.