டப்பாவுக்கு இரண்டு கிலோ பருப்பு

“அவுத்துருங்க! கட்டுனத அவுத்துருங்க!” என்று சாலமோன் வாசலில் நின்று கத்தினார்.

ஏணி உச்சியில் இருந்த பேனர் கடை பாரி, பல்லில் கடித்திருந்த கயிற்றைத் துப்பினான். “இன்னா சார், நீதானே கட்டச் சொன்னே?”

பேனரில் அவர் மனைவி ஞானபாக்கியம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் பதினெட்டு கிலோ இளைத்த சிரிப்பு. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற எழுத்துக்கு மேலே, கன்ன எலும்பு தெரிய. பச்சை டப்பாவில் வரும் உடம்பு இளைக்கிற பொடியை விற்பதற்காக அவளே எடுத்து வைத்த படம். அம்மாவின் நல்ல படம் அதுதான் என்று மகள் பெனிஷா பாரிக்கு அனுப்பியிருந்தாள். உள்ளே ஐஸ் பெட்டியில் ஞானபாக்கியம் மஞ்சளாகக் கிடந்தாள்.

கத்தலுக்குக் காரணம் எதிர்வீட்டுச் சொக்கம்மாள். பெட்டியின்மேல் விழுந்து அழுதுவிட்டு வந்தவள், பேனரை அண்ணாந்து பார்த்தாள், மூக்கைச் சிந்தினாள், சாலமோனின் காதருகே வந்தாள்.

“நைனா, தப்பா நெனச்சிக்காத. அக்கா இன்னா ஷோக்கா கீது பாரு! அந்தப் பச்ச டப்பா ஸ்டாக்கு எதுனா கீதா? என்னுது நாலு நாள்ல தீந்துடும். இனிமே யாரப் போய் கேக்கறது?”

கல்மண்டபத்தில் முப்பது வருஷமாக மளிகை மொத்த வியாபாரம். வந்த கிராக்கியை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. தன் வீட்டுச் சரக்கை மட்டமென்று சொன்னதுமில்லை. நேற்று டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “இதாலதான் லிவர் போயிருக்கு. வேற யாராவது சாப்பிட்டா உடனே நிறுத்தச் சொல்லுங்க” என்றபோது தலையாட்டினார். கண் மஞ்சளானதும், கழிவு வெளியேறுகிறது என்று ஞானபாக்கியம் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டதையும் சொன்னார். தெருவுக்கு வந்ததும் ‘மஞ்சக்காமாலை’ என்று மட்டும் சொன்னார். பாதித் தெருவுக்கு அவள் கையால் விற்ற சரக்கு. செத்தவள் பேரைக் கெடுப்பானேன்?

சொக்கம்மாள் பதிலுக்கு நின்றாள். அவள் கண்ணின் வெள்ளை, வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னும்.

“அதத் தின்னுதான் ஞானம் செத்தா” என்றார்.

“குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லு நைனா. ரெண்டாயிரம் குட்து வாங்குனது. தூக்கியா போடுவாங்க?”

அது சாலமோனுக்குப் புரிகிற பாஷை. பேனரை இறக்கச் சொல்லிக் கத்தியவர், அதே மூச்சில் வாசற்படி மேல் ஏறினார். மிளகாய் ஏலத்தில் பழகிய தொண்டை.

“எல்லாரும் கேளுங்க! எம் பொண்டாட்டி வெறும் காமாலையில சாகல. அந்தப் பச்ச டப்பாதான் அவளக் கொன்னுச்சு! வச்சிருக்கவங்க கொண்டாங்க! டப்பாவுக்கு ரெண்டு கிலோ துவரம்பருப்பு! பிரிச்சது, பிரிக்காதது எல்லாம் ஒரே வெல! நாலு மணிக்குப் பெட்டி எடுக்கிற வரைக்கும்தான்!”

தெருவில் வாசித்துக்கொண்டிருந்த பேண்டு வாத்தியம் நின்றது. தூத்துக்குடியிலிருந்து காலையில் வந்திறங்கிய அண்ணன் வேதமாணிக்கம் ஓடிவந்து கையைப் பிடித்தார். “ஏல, கூறு கெட்டுப்போச்சா? பொணத்த வச்சிக்கிட்டு யாவாரமா பண்ணுத?”

“யாவாரம்தாம்ணே. சும்மா கேட்டா எவளும் தரமாட்டா.”

பக்கத்துக் கடையிலிருந்து மூட்டை வந்தது, தராசு வந்தது. முதலில் ஓடியவள் சொக்கம்மாள். அப்புறம் தெருவே ஓடியது.

“மாமியாருதும் சேத்து ரெண்டு கீது, நாலு கிலோ போடு!”

“காலி டப்பாக்கு ஒரு கிலோவாச்சும் குடேன், மாமு!”

“காலின்னா வயித்துக்குள்ள போயாச்சு. பருப்ப வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாரு!”

சாலமோன் அளந்தார், அதட்டினார், பேரம் பேசி இரண்டு இடத்தில் தோற்றார். டப்பாக்கள் இடுப்பளவு ஏறின. இத்தனை வேகமாக எந்தச் சரக்கும் நகர்ந்ததில்லை. அதை ஞானத்திடம் சொல்ல உள்ளே திரும்பியவர், பாதியில் நின்றார்.

“சார், பேனருக்கு இன்னா பண்றது?” என்றான் பாரி.

“பழைய படம் தாரேன். குண்டா, கண்ணு இடுங்கச் சிரிப்பா. அதப் போடு.”

மூட்டையில் அடிப்பருப்பு மிஞ்சியபோது பெனிஷா வந்து நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடி இல்லை. உள்ளே கரண்டி இருந்தது.

சாலமோன் தராசைத் தொடவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். பருப்புத் தூசி படிந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

தெருவில் பேண்டு மறுபடி தொடங்கியது.

அவர் அடுத்த கண்ணையும் இழுத்துப் பார்த்தார்.